பிரையன் போருவின் மூதாதை யார்? அயர்லாந்து அரச வம்சாவளி ஒன்றைப் படிக்கும் வழி

1014-இல் குளோன்டார்ஃப் போரில் இறந்த அயர்லாந்து அரசர் பிரையன் போரு. பழைய ஐரிஷ் சுவடிகளில் அவருடைய வம்சாவளி இப்படித் தொடங்கும்: பிரையன், அவர் தகப்பனார் கென்னேடிக், அவருக்குத் தகப்பனார் லோர்கான், அப்புறம் லாக்னா, கோர்க், அன்லுவான், மஹோன், டர்லோக். பிரையனை முதல் ஆளாக வைத்து எண்ணினால் 15-ஆவதாக வருபவர் காஸ். குலத்துக்கே இவர் பெயரால்தான் தால் காஸ் என்று பெயர். 22-ஆவதாக அலில் ஓலம், முன்னொரு காலத்தில் மன்ஸ்டர் நாட்டை ஆண்டதாகக் கதைகள் சொல்லும் ராஜா. அதற்கு மேலும் பட்டியல் ஓயாது. ஸ்பெயினிலிருந்து கடல் கடந்து வந்தவர்களாகச் சொல்லப்படும் மீல் என்பவரின் பிள்ளைகளில் ஒருவரான ஏபர், பிறகு பைபிளில் வரும் நோவா, கடைசியில் ஆதாம்.

ஆதாம் பெயரைப் பார்த்ததும் சிலர் சிரித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் ஆதாம் வரைக்கும் அப்படியே நம்பி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிடுகிறார்கள். இரண்டு தரப்புக்குமே விஷயம் தவறிப்போகிறது. இந்தப் பட்டியலின் அடிப்பகுதி, அதாவது பிரையனை ஒட்டிய தலைமுறைகள், பெரும்பாலும் நம்பத் தகுந்தது. உச்சிப்பகுதி, கிறிஸ்தவ மடங்களில் படித்த அறிஞர்கள் தங்கள் நாட்டைப் பைபிள் வரலாற்றோடு இணைப்பதற்காகச் சேர்த்தது. நடுவில், காஸுக்கு மேலே அலில் ஓலமைத் தொடும் இடத்தில், மாங்கன்றில் ஒட்டுக் கட்டியதுபோல ஒரு முடிச்சு இருக்கிறது. அதை யார், எப்போது, எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் இடைக்கால அயர்லாந்தின் அரசியல் பெருமளவு பிடிபட்டுவிடும்.

ராஜாக்கள் நிறைந்த தீவு

முதலில் ‘ராஜா’ என்ற சொல்லை நாம் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். அன்றைய அயர்லாந்து ஒரே அரசின் கீழ் இருந்த நாடு அல்ல. தூவா எனப்படும் குறுநாடுகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ராஜா. பழைய சட்ட நூல்கள் ராஜாக்களை மூன்று படிகளாகப் பிரிக்கின்றன: ஒரு குறுநாட்டு ராஜா, சில குறுநாடுகளுக்கு மேலான ராஜா, அவர்களுக்கும் மேலே ஒரு மாகாணத்தையே ஆளும் ராஜா. மேலே உள்ளவருக்குக் கீழே உள்ளவர் திறை கட்டுவார், பணயமாக ஆட்களை அனுப்புவார், போருக்குப் படை தருவார். தெற்கே மன்ஸ்டர் மாகாணத்தின் அரியணை காஷெல் என்னும் பாறைக்குன்றின் மேல் இருந்தது. வடக்கிலும் நடுநாட்டிலும் ஆதிக்கம் செலுத்திய ஈ நேல் குலத்தார் தாராவின் ராஜா என்ற பட்டத்தை வைத்திருந்தார்கள். தீவு முழுவதற்கும் தலைமை என்ற பேச்சு வந்தால் அந்தப் பட்டத்தைச் சுற்றித்தான் வரும்.

அடுத்தது வாரிசுரிமை. மூத்த மகனுக்குத்தான் பட்டம் என்ற விதி அங்கே கிடையாது. ஒரே கொள்ளுத்தாத்தாவின் ஆண்வழிப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு குழு. அதற்குத் தெர்வினா என்று பெயர். தகப்பனோ, தாத்தாவோ, கொள்ளுத்தாத்தாவோ ராஜாவாக இருந்திருந்தால் அந்தக் குழுவில் உள்ளவர் பட்டத்துக்குப் போட்டியிடலாம். அப்படிப்பட்டவரை ‘ராஜாவாக்கத் தக்க சரக்கு’ என்ற பொருளில் ஒரு தனிச்சொல்லால் குறித்தார்கள். அவர்களில் ஒருவரை முன்கூட்டியே அடுத்த வாரிசாக அறிவிப்பதும் உண்டு. அந்த வாரிசுக்குரிய பட்டப்பெயர் தானிஷ்டா. இன்றைக்கு அயர்லாந்தின் துணைப் பிரதமருக்கு அதுதான் பதவிப் பெயர்.

ராஜாக்களுக்கு மனைவியர் பலர். ஒருவர் விலகி இன்னொருவர் வருவதும் சகஜம். எல்லா மனைவியரின் பிள்ளைகளும் பங்காளிகளே. ஆகவே ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அண்ணன் தம்பிகள், சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே எழுந்து நிற்கும். நாலு தலைமுறை யாரும் பட்டத்துக்கு வராத கிளை மெல்லப் போட்டியிலிருந்து விழுந்துவிடும். விழுந்தவர்கள் சிறு தலைவர்களாகிப் பக்கத்து ஊர்களை எடுத்துக்கொள்வார்கள். அங்கே இருந்த பழைய குடும்பங்கள் இன்னும் கீழே தள்ளப்படும். இந்த ஏற்பாட்டில் யாருக்கு யார் என்ன உறவு என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆள் அரண்மனைக்கு எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள். வம்சாவளி அறிஞர் அங்கே ஒருவகையில் வக்கீல். திறை, நிலம், பட்டம் ஆகியவற்றில் தன் ராஜாவுக்கு உரிமை உண்டு என்று வாதாடுவதற்கான பத்திரம்தான் வம்சாவளி.

தேஷி என்ற திறை கட்டும் கூட்டம்

காஷெலில் பல நூற்றாண்டுகள் அமர்ந்திருந்தவர்கள் ஓகனக்தா குலத்தார். அலில் ஓலமின் மகன் ஓகன் மோரின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். அவர்களுக்குத் திறை கட்டி வாழ்ந்த கூட்டங்களில் ஒன்று தேஷி. அந்தப் பெயரே அடங்கி வாழும் குடிமக்களைக் குறிப்பது. தேஷிகளில் ஒரு பிரிவு தென்கிழக்கே இன்றைய வாட்டர்ஃபோர்டு பக்கம் இருந்தது. வடக்குப் பிரிவு ஷானன் நதியின் கீழ்ப்பகுதியில், இன்றைய லிமெரிக், கிளேர் மாவட்டங்களில் குடியிருந்தது. நம் கதாநாயகர்கள் இந்த வடக்குத் தேஷிகள்தான்.

தெற்குத் தேஷிகள் தங்களைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தார்கள். தாராவின் ராஜாவோடு தகராறாகி, அங்கிருந்து துரத்தப்பட்டு, ஊர் ஊராக அலைந்து கடைசியில் மன்ஸ்டர் வந்து சேர்ந்ததாக அந்தக் கதை சொல்கிறது. வடக்குத் தேஷிகளும் அதே கதையைப் பகிர்ந்திருக்கலாம். ஆனால் 10-ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குப் பெயரே மாறுகிறது. மடங்களில் ஆண்டுவாரியாக எழுதிவந்த குறிப்பேடுகளில் 934-ஆம் ஆண்டுக் குறிப்பில்தான் ‘தால் காஸ்’ என்ற பெயர் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது: அந்தக் குலத்தின் ராஜாவாகவும் டூம்கிரேனி மடத்தின் தலைவராகவும் இருந்த ஒருவரின் மரணச் செய்தி அது. துரத்தப்பட்டவர்களின் சந்ததி என்ற அடையாளம் பின்னுக்குப் போய், காஸ் என்ற மூதாதையின் சந்ததி என்ற அடையாளம் முன்னுக்கு வருகிறது.

பெயர் மாறும் அதே காலத்தில் அதிகாரமும் வளர்கிறது. ஷானன் நதி அன்றைய நெடுஞ்சாலை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் லிமெரிக்கில் உட்கார்ந்து வணிகமும் கொள்ளையும் நடத்தியதற்குக் காரணமே அதுதான். அந்த நதிக்கரை தால் காஸ் கையில் இருந்தது. ஓகனக்தாக்களோ தங்களுக்குள் பல கிளைகளாகப் பிரிந்து சண்டையிட்டு, 908-இல் கோர்மக் மாக் குல்லெனான் என்ற பிஷப்-ராஜாவைப் போரில் இழந்த பிறகு தள்ளாட ஆரம்பித்திருந்தார்கள். பிரையனின் தகப்பனார் கென்னேடிக் தன் மகள் ஓர்லாவைத் தாராவின் ராஜாவுக்கே கட்டிக்கொடுத்தார். அந்தக் கல்யாணம் நல்லபடியாக முடியவில்லை: 941-இல் கணவனே அவளைக் கொன்றான் என்று குறிப்பேடு சொல்கிறது. ஆனாலும் தாராவில் சம்பந்தம் பேசும் அளவுக்கு இந்தக் குடும்பம் வளர்ந்துவிட்டது என்பது தெரிகிறது. 951-இல் கென்னேடிக் இறந்தபோது ஒரு குறிப்பேடு அவரைக் ‘காஷெலுக்கு ராஜாவாகத் தக்கவர்’ என்று எழுதுகிறது. வம்சாவளிப்படி அவருக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது? ஒட்டுக் கட்டும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது என்பதுதான் என் கணிப்பு.

வாள் பிடித்த இடத்துக்குப் பத்திரம்

கென்னேடிக்கின் மகன் மஹோன் 960-களில் காஷெலைப் பிடித்தார். 967-இல் சல்கோட் என்ற இடத்தில் லிமெரிக் வைக்கிங் தலைவன் ஐவரின் படையை முறியடித்து, நகரத்தையும் சூறையாடினார். 976-இல் ஓகனக்தா தலைவர் மால் முவாவும், அக்கம்பக்கத்து ராஜா டொனவனும் சேர்ந்து அவரைச் சிறைப்பிடித்துக் கொன்றார்கள். பட்டம் தம்பி பிரையனுக்கு வந்தது. பிரையன் அடுத்த ஆண்டே ஐவரை ஷானன் முகத்துவாரத்தில் உள்ள ஸ்காட்டரி தீவில், ஒரு புண்ணியத் தலத்துக்குள்ளேயே வைத்துக் கொன்றார். 978-இல் பெலாக் லெக்டா போரில் மால் முவாவும் முடிந்தார். மன்ஸ்டர் தால் காஸ் வசமானது.

இந்த இடத்தில்தான் முடிச்சு தெளிவாகத் தெரிகிறது. காஷெலில் உட்கார்ந்தாயிற்று, ஆனால் ஊர் அறிந்த வம்சாவளிப்படி அந்த இருக்கை ஓகன் மோரின் சந்ததிக்கு. வம்சாவளி அறிஞர்கள் தந்த தீர்வு அழகானது. அலில் ஓலமுக்கு ஓகன் மோர் மட்டுமா பிள்ளை? கோர்மக் காஸ் என்று இன்னொரு மகனும் உண்டு. தால் காஸ் அவர் வழி. அத்தோடு விடவில்லை. இரண்டு பிள்ளைகளின் சந்ததியும் காஷெலை மாறி மாறி ஆள வேண்டும் என்று அலில் ஓலமே ஏற்பாடு செய்துவிட்டுப் போனாராம். அப்படியானால் மஹோனும் பிரையனும் எதையும் பறிக்கவில்லை. நெடுங்காலமாகத் தவறிப்போயிருந்த தங்கள் முறையை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கதையில் ஓட்டை எங்கே? மாறி மாறி ஆள வேண்டும் என்று ஏற்பாடு இருந்திருந்தால் காஷெல் அரசர்களின் பழைய பட்டியலில் தால் காஸ் பெயர்கள் நிறைய வர வேண்டுமே. 10-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் அப்படி நம்பத் தகுந்த ஒரு பெயர்கூடத் தேறாது. இன்று உடலிலுள்ள ஒய் குரோமோசோமை வைத்து ஆண்வழி பார்க்கிறவர்களும் இதே பக்கம்தான் நிற்கிறார்கள். கிளேர், லிமெரிக், டிப்பரேரி பகுதியின் தால் காஸ் குடும்பப்பெயர்களில் மிகுதியாகக் காணப்படும் அடையாளம் ஒன்று. ஓகனக்தாப் பெயர்களில் மிகுதியாக வருவது வேறொன்று. ஆனால் காஸுக்குக் கீழே உள்ள பல குடும்பங்கள் உண்மையிலேயே ஒருவருக்கொருவர் பங்காளிகள் என்பதையும் அதே சோதனை காட்டுகிறது. அடிமரம் அசல், ஒட்டு போலி.

உச்சிப்பகுதியையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மீலின் பிள்ளைகளில் ஏபருக்குத் தெற்கு, எரமோனுக்கு வடக்கு என்று பாகம் பிரித்ததாகப் பழங்கதை. ஓகனக்தா, தால் காஸ் இரண்டும் ஏபர் வழி. ஈ நேல் எரமோன் வழி. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கேலிக் ராஜாக்களின் காலமே முடிந்துகொண்டிருந்தபோது, தோமண்ட் (வட மன்ஸ்டர்) பிரபுவின் ஆஸ்தானப் புலவர் டைக் மாக் டாரா ஏபர் வம்சமே உயர்ந்தது என்று பாடிவைக்க, வடக்கத்திப் புலவர்கள் எரமோனுக்காகப் பதில் பாட, அந்தச் சண்டை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஐரிஷ் இலக்கியத்தில் ‘புலவர்களின் வாக்குவாதம்’ என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு.

உறவுக்காரர்களின் போர்

பிரையன் மன்ஸ்டரோடு நிற்கவில்லை. தாராவின் ராஜா மால் ஷெக்னால் இந்த வளர்ச்சியைச் சகிக்காமல் 982-இல் கிளேர் வரை படையோடு வந்து செய்த காரியம் ஒன்றைக் குறிப்பேடுகள் பதிவு செய்திருக்கின்றன. மா ஆயர் என்ற இடத்தில் தால் காஸ் ராஜாக்கள் பட்டம் ஏற்கும் மண்மேடும் ஒரு பெரிய மரமும் இருந்தன. அந்த மரத்தை வேரோடு தோண்டி எடுத்து வெட்டிப்போட்டார். ஒரு குலத்துக்குக் காகிதத்தில் வம்சாவளி எப்படியோ, மண்ணில் அந்த மரம் அப்படி. மண்மேடு இன்றும் குவின் என்ற ஊருக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது.

997-இல் இருவரும் தீவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1002-இல் மால் ஷெக்னால் பணிந்துவிட, ஈ நேல் குலத்தாரின் நெடுங்கால ஏகபோகம் உடைந்தது. 1005-இல் பிரையன் ஆர்மா தேவாலயத்துக்குப் போய்ப் பீடத்தின் மேல் இருபது அவுன்ஸ் தங்கம் வைத்தார். அங்கே ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமையான ஒரு வேதச் சுவடியில், வெறுமையாக இருந்த இடத்தில், அவருடைய குரு மால் சுஹன் லத்தீனில் சில வரிகள் எழுதினார். பிரையன் கண்முன்னே எழுதியதாக அதிலேயே சொல்கிறார். அந்த வரிகளில் பிரையன் ‘ஐரிஷ் மக்களின் பேரரசர்’. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள அந்தச் சுவடியில் இன்றும் அதைப் படிக்கலாம். (அதே கல்லூரியில் ‘பிரையன் போருவின் யாழ்’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது அவர் செத்து முந்நூறு ஆண்டுக்கும் பிறகு செய்தது. நல்ல பொருளுக்கும் நல்ல மூதாதை தேவைப்படுகிறது போலும்.)

1014 ஏப்ரல் 23, பெரிய வெள்ளி. குளோன்டார்ஃப் போரை அயர்லாந்துக்காரர்களுக்கும் வைக்கிங்குகளுக்கும் நடந்த சுதந்திரப் போராகச் சொல்வது வழக்கம். உறவுமுறை தெரிந்துகொண்டு பார்த்தால் வேறு மாதிரி தெரியும். டப்ளின் வைக்கிங் ராஜா சிட்ரிக், பிரையனின் மகள் ஸ்லானியை மணந்த மருமகன். சிட்ரிக்கின் தாய் கோர்ம்லா, பிரையனுக்கும் ஒருகாலத்தில் மனைவி. பிரையனின் மகன் டொன்னகா அவள் வயிற்றுப் பிள்ளை. எதிரணியில் நின்ற, கிழக்கு மாகாணமான லென்ஸ்டரின் ராஜா மால் மோர்டா அவளுடைய உடன்பிறப்பு, அதாவது பிரையனுக்கு மச்சான். சிட்ரிக்கும் அவன் மனைவியும் நகர மதிலில் நின்று போரை வேடிக்கை பார்த்ததாகவும், வைக்கிங்குகள் கடலை நோக்கி ஓடியபோது அவள் கேலி செய்ததாகவும், அவன் அறைந்ததில் அவள் பல் விழுந்ததாகவும் ஒரு கதை உண்டு.

அந்தக் கதை வரும் நூல், ‘கேல்களுக்கும் அந்நியருக்கும் நடந்த போர்’, பிரையனின் கொள்ளுப்பேரன் முர்கெர்டாக் ஆண்ட காலத்தில், 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. குடும்பப் புகழ்பாடும் நூல். பிரையனைப் பற்றி நாம் கேள்விப்படும் வீரதீரங்களில் பெரும்பங்கு இதிலிருந்து வந்தவைதான். அந்தக் கண்ணோட்டத்தோடு படிக்க வேண்டும்.

ஓ’பிரையன்கள்

குளோன்டார்ஃபில் எழுபதைக் கடந்த பிரையனும், மகன் முர்காவும், பேரன் டர்லோக்கும் ஒரே நாளில் இறந்தார்கள். மிஞ்சிய மகன்கள் டைக், டொன்னகா. இனி நடப்பதை நீங்களே ஊகிக்கலாம். 1023-இல் டொன்னகாவின் தூண்டுதலில் டைக் கொல்லப்பட்டார். நாற்பது ஆண்டு கழித்து டைக்கின் மகன், இன்னொரு டர்லோக், சித்தப்பாவைத் துரத்திவிட்டுப் பட்டத்துக்கு வந்தார். கிழவர் டொன்னகா ரோமுக்கு யாத்திரை போய் அங்கேயே இறந்தார். பிரையனின் பேரன்கள் காலம் தொட்டு ‘உவ’, பிற்காலத்தில் ‘ஓ’, என்ற முன்னொட்டோடு பிரையன் பெயர் குடும்பப்பெயராக நிலைத்தது. அந்தச் சொல்லுக்குப் பேரன் என்று பொருள். பிரையனின் சகோதரர் வழிக்கு அந்தப் பெயர் கிடையாது. அவர்கள் வேறு பெயரில் வேறு நிலத்துக்குப் போனார்கள். பிரையனின் அண்ணன் மகன் கென்னேடிக்கிலிருந்து வந்தது ஓ’கென்னடி என்ற பெயர், அமெரிக்க ஜனாதிபதியால் உலகமறிந்த கென்னடி அதுதான்.

டர்லோக்கின் மகன் முர்கெர்டாக் 1119 வரை வாழ்ந்தார்; தீவின் மிக வலிமையான ராஜாவாக இருந்தார். 1088-இல் வடக்கத்தியார் வந்து ஓ’பிரையன்களின் கின்கோரா அரண்மனையை எரித்ததற்குப் பழிவாங்க, 1101-இல் வடக்கே அய்லக் கோட்டையை இடித்து, தன் வீரர்களை ஆளுக்கொரு கல் சுமந்து வரச் சொன்னாராம். அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு காரியம்தான் நம் விஷயத்துக்கு முக்கியம்: காஷெல் பாறையைத் திருச்சபைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். பக்தி இருந்திருக்கலாம். ஆனால் ஓகனக்தாக்கள் இனி ஒருநாளும் தங்கள் பழைய இருக்கைக்குத் திரும்ப முடியாது என்பதும் அத்தோடு உறுதியாயிற்று. எதிராளிக்கு விட்டுக்கொடுப்பதைவிடச் சாமிக்குக் கொடுப்பது மேல்.

1118-இல் மேற்கு மாகாணமான கனாக்டின் ராஜா மன்ஸ்டரை இரண்டாக்கினார். தெற்குப் பாதி ஓகனக்தா வழிவந்த மெக்கார்த்திகளுக்கு, தோமண்ட் எனப்பட்ட வடக்குப் பாதி ஓ’பிரையன்களுக்கு. இங்கிலாந்திலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகும் தோமண்ட் பிழைத்தது. 1318-இல் டைசர்ட் ஓ’டேயாவில் நார்மன் பிரபு ரிச்சர்டு டி கிளேரைக் கொன்று அவர் படையைச் சிதறடித்தார்கள்.

கடைசியில் பங்காளி முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது இங்கிலாந்துச் சட்டம். 1543-இல் எட்டாம் ஹென்றியிடம் மர்ரோ ஓ’பிரையன் ராஜா பட்டத்தைத் துறந்து, ஏர்ல் என்ற ஆங்கிலப் பிரபுப் பட்டம் பெற்றுத் தோமண்ட் ஏர்ல் ஆனார். மர்ரோ பட்டத்துக்கு வந்தது இறந்த அண்ணனின் இடத்தில். ஐரிஷ் வழக்கப்படி அவருக்குப் பின் அண்ணன் மகன் டொனோவுக்கு முறை, ஆங்கிலச் சட்டப்படி மர்ரோவின் சொந்த மகனுக்கு. ஆகவே பட்டத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். ஏர்ல் பட்டம் மர்ரோவின் ஆயுளுக்கு மட்டும், பிறகு டொனோவுக்கு. இன்ச்சிக்வின் பாரன் (ஏர்லுக்குக் கீழான பிரபு) என்ற தனிப்பட்டம் மர்ரோவின் நேர் சந்ததிக்கு. 1551-இல் டொனோ ஏர்ல் ஆனார். இனிமேல் தகப்பனுக்குப் பின் மூத்த மகன் என்ற புதிய விதியை அவருடைய தம்பி டோனல் ஏற்கவில்லை. 1553-இல் அண்ணனைத் தாக்க, அதில் டொனோ இறந்தார். டோனல் பழைய முறைப்படி ஓ’பிரையன் தலைவராகப் பட்டமேற்றார். 1558-இல் ஆங்கிலப் படை வந்து டொனோவின் மகன் கானரைத் திரும்ப உட்கார வைத்தது. ஏர்ல் பட்டம் 1741-இல் வாரிசு இல்லாமல் அற்றுப்போனது. இன்ச்சிக்வின் பட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது, தகப்பன் வழி மூத்தவருக்கே போகும் ஆங்கில முறையில்.